கன்னி மூலையில் ஒரு துளை

திருவண்ணாமலையில் வீடு கட்ட நினைப்பவர்கள் ஜோசியரைப் பார்ப்பார்கள், வாஸ்துக்காரரைப் பார்ப்பார்கள், பேங்க் மேனேஜரைப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை மாடி எழுப்பியிருக்கிறான் என்று எட்டியும் பார்ப்பார்கள். மண்ணை மட்டும் பார்க்க மாட்டார்கள். அதற்கு அவர்களிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று எதிரிலேயே நின்றது. இவ்வளவு பெரிய மலை மேலே தெரியும்போது கீழே மட்டும் என்ன, இலவம்பஞ்சா இருந்துவிடப் போகிறது?

இந்த ஊரில்தான் உம்மே ஹானி மண் பரிசோதனை இன்ஜினியராகப் பத்து வருடத்துக்கும் மேலாகத் தொழில் நடத்திவந்தாள். சைவ ஓட்டலில் உட்கார்ந்து மீன் வறுவலுக்கு ஆர்டர் எடுப்பதைப் போன்ற தொழில்.

அவளுடைய அத்தா அய்யூப்புக்குச் சின்னக்கடைத் தெருவில் ஹார்டுவேர் கடை. அம்மா ஜாஹிராவுக்கு மகளை டாக்டராக்கிப் பார்க்க ஆசை. மார்க் வேறு ஆசை வைத்திருந்தது. சிவில் கிடைத்தது. அதோடு நின்றிருந்தாலாவது பிளான் போடுகிற இன்ஜினியர் என்று சொந்தத்தில் சொல்லிக்கொள்ளலாம். மேற்படிப்புக்குச் சென்னை போனவள், மண்ணையும் அஸ்திவாரத்தையும் எடுத்துப் படித்துவிட்டு வந்து நின்றாள். "சின்னதுல மண்ணு தின்னப்பவே வாயில ரெண்டு போட்டிருக்கணும்" என்றாள் ஜாஹிரா.

ஆம்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மாப்பிள்ளையின் மாமா கேட்டார்:

"பொண்ணு இன்னா வேலை பண்ணுது?"

"கட்டடம் கட்றதுக்கு முன்னாடி, மண்ணு அதைத் தாங்குமான்னு பார்த்துச் சொல்ற வேலை" என்றார் அய்யூப்.

"தாங்கலன்னா?"

"தாங்காதுன்னு எழுதிக் குடுக்கும்."

"அதுக்குக் காசு குடுக்கறாங்களா?"

"ரொம்ப வருத்தப்பட்டுக் குடுக்கறாங்க."

வந்தவர்களில் மாப்பிள்ளை தல்ஹா மட்டும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பித்தான் அவள் சம்மதித்தாள். அந்த அஸ்திவாரம் இதுவரை இறங்கவில்லை.

வேலை இதுதான். காலி மனையில் மூன்று கால் இரும்புக் கம்பம் நிற்கும். அதிலிருந்து கயிற்றில் தொங்கும் கனமான இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள். குழாய் இறங்க எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ண வேண்டும். நிறைய வாங்கினால் மண் கெட்டி. கொஞ்சத்திலேயே இறங்கினால் மண்ணுக்குத் தெம்பு இல்லை. குழாயைத் திறந்தால் அந்த ஆழத்து மண் உள்ளே இருக்கும். எண்ணுகிறவன் கருப்பன். ஏலம் விடுகிறவனைப் போல அடித்தொண்டையில் எண்ணுவான். கம்பம் நின்ற கால் மணி நேரத்தில் தெருவே கூடிவிடும். "எத்தன அடியில தண்ணி?" என்று கேட்பார்கள். தண்ணிக்கு இல்லை என்றால் முகம் விழுந்துவிடும். தண்ணியும் வராத ஓட்டையை ஒரு படித்த பொம்பளை எதற்குப் போடுகிறாள் என்கிற கவலையோடு கலைந்து போவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த தொழிலில்தான் குமரேசன் வந்து சேர்ந்தார்.

குமரேசனுக்கு ஏற்கெனவே இரண்டு லாட்ஜ்கள். மூன்றாவதை ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஐந்து மாடிக்குத் திட்டமிட்டிருந்தார். கிரிவலம் வருகிறவர்களுக்குக் கீழ் மாடிகள், தியானத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு மலை தெரிகிற மேல் மாடிகள். பேங்கில் மண் ரிப்போர்ட் கேட்டுவிட்டார்கள். கேட்காமல் இருந்திருந்தால் அவரும் இந்தப் பாவத்துக்கு வந்திருக்க மாட்டார். அய்யூப் கடையில் இருபது வருட வாடிக்கை. கம்பி, சிமெண்ட், பைப், பெயிண்ட் எல்லாம் அங்கேதான். வீட்டுப் பிள்ளையே மண் டெஸ்ட் செய்யும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்?

முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் உம்மே ஹானி மனைக்குப் போனபோது குமரேசன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் மஞ்சள் பையும் திசைகாட்டியுமாக வாஸ்து வேணு.

"மேடம், நாலு மூலைக்கு நாலு, நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு ஓட்டைன்னு சொன்னீங்க. அஞ்சையும் ஈசானியத்துலயே போட்டுடுங்க" என்றார் குமரேசன்.

ஈசானியம் என்றால் வடகிழக்கு மூலை. தோண்டுவதற்கு உகந்த மூலை அதுதான் என்பது வேணுவின் சாஸ்திரம்.

"எல்லாத்தையும் ஒரே மூலையில போட்டா மத்த மூலை எப்படி இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"ரத்தம் டெஸ்ட் பண்றாங்க. ஒரு விரல்ல குத்தி எடுக்கறாங்களா, பத்து விரல்லயும் குத்தறாங்களா?"

"ரத்தம் உடம்பு பூரா ஓடுது சார். மண்ணு அங்கங்க நிக்குது. ஓட ஆரம்பிச்சா நான் வேணாம், ஃபயர் சர்வீஸைக் கூப்பிடுங்க."

கருப்பன் திரும்பி நின்று சிரித்தான். பேரம் நடந்தது. புடவைக் கடையில்கூட அவள் இப்படிப் பேசியதில்லை. கடைசியில் மூன்று மூலைக்கும் நடுவுக்கும் அனுமதி கிடைத்தது. தென்மேற்கான கன்னி மூலையில் மட்டும் கூடாது.

"கன்னி மூலையில பள்ளம் விழுந்தா குடும்பத் தலைவருக்கு ஆகாது" என்றார் வேணு. "அந்த மூலை கனமா இருக்கணும். அதனாலதான் மேல் தொட்டிய அங்க வெக்கச் சொல்லியிருக்கேன். மொத்த லாட்ஜுக்கும் அங்கதான் தண்ணி."

உம்மே ஹானி அந்த மூலைக்கு நடந்து போனாள். மனை முழுக்க மழைத்தண்ணீர் தேங்கி வானத்தைத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருந்தது. கன்னி மூலையில் மட்டும் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. காய்ந்து கிடந்த இடம் வட்டமாக இருந்தது. அதை ஒட்டிய பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர், சலாம் வைப்பதைப் போல இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இங்க என்ன சார் இருந்தது?"

"ஒண்ணும் இல்ல மேடம். பாருங்க, எவ்ளோ நல்ல இடம், மழை பேஞ்சும் ஈரமே இல்ல" என்றார் குமரேசன்.

"பேஞ்ச தண்ணி எங்க போச்சு?"

"அது இன்னா கேள்வி? பூமிக்குள்ள போச்சு."

"மத்த இடத்துல போகலயே."

குமரேசன் வேணுவைப் பார்த்தார். வேணு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். ஆனால் தன் சாதனை ஒன்று இப்படிக் கேட்பாரற்றுக் கிடப்பதை எந்தக் கலைஞனால் தாங்க முடியும்?

"அந்த தோஷத்தைப் பத்தி நீங்க கவலையே படாதீங்கம்மா. பன்னெண்டு வருஷம் முன்னாடியே என் கையால நிவர்த்தி பண்ணியாச்சு."

"என்ன தோஷம்?"

குமரேசன் இருமினார். இருமல் வேலை செய்யவில்லை.

"அங்க ஒரு நீர்நிலை இருந்தது" என்றார் வேணு.

"கிணறா?"

"அந்தப் பேரைச் சொல்லாதீங்கம்மா. மூடியாச்சு இல்ல?"

"மூடினா கிணறு எங்க சார் போவும்? எதை வெச்சு மூடினீங்க?"

"முறைப்படிதான். நவதானியம், பால், மஞ்சத்துணியில முடிஞ்ச தகடு…"

"அதுக்கு மேல?"

வேணு குமரேசனைக் காட்டினார். அதற்கு மேல் சாஸ்திரம் இல்லை.

"பழைய வீடு இடிச்ச கல்லு, மண்ணு" என்றார் குமரேசன். "அப்புறம் தெருவுல இருக்கறவங்களும் அவங்கவங்க வீட்ல வேணாங்கறதைக் கொண்டாந்து போட்டாங்க. நல்ல மனசு."

"ஆழம்?"

"முப்பது, முப்பத்தஞ்சு அடி இருக்கும். ஜாஸ்தி இல்ல."

உம்மே ஹானி அண்ணாந்து பார்த்தாள். "கீழ இருந்த தண்ணிய மூடிட்டு, அதே இடத்துக்கு மேல அஞ்சு மாடி உயரத்துல தண்ணி வெக்கப் போறீங்க."

"கீழ இருந்தா தோஷம். மேல இருந்தா யோகம்" என்றார் வேணு, குழந்தைக்குச் சொல்லித் தருகிற பொறுமையோடு.

நான்கு துளைகளும் முடிந்தன. மண் நல்ல மண்ணாகவே இருந்தது. மேலே செம்மண், கொஞ்சம் சரளை, அதற்குக் கீழே உளுத்த பாறை, பிறகு உறுதியான பாறை. குமரேசன் ரிப்போர்ட் கேட்டார். கன்னி மூலையில் துளை போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கிணறு எவ்வளவு அகலம், சுற்றியிருக்கும் மண் எவ்வளவு தூரம் தளர்ந்திருக்கிறது, அடியில் என்ன என்று எதுவுமே தெரியாத இடத்தில் ஒரு தூண் நிற்கப் போகிறது. அந்தத் தூணை நம்பி அறைக்கு நான்கு பேர் வீதம் காலை நீட்டித் தூங்கப் போகிறார்கள். ரிப்போர்ட்டின் கீழே அவள் பெயர் இருக்கும்.

குமரேசன் நேராகக் கடைக்கு வந்தார்.

"பாய், பொண்ணுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என் பேச்சைக் கேக்கற பொண்ணா இருந்தா டாக்டர் ஆயிருக்கும்ப்பா" என்றார் அய்யூப்.

"வெளியூர்ல ஒருத்தர் இருக்காரு. இடத்தைப் போட்டோ புடிச்சு அனுப்பினா போதும், ரெண்டே நாள்ல ரிப்போர்ட் வந்துடுது. அவ்ளோ திறமை. நம்ம புள்ளையாச்சேன்னு இங்க வந்தேன். பௌர்ணமி வரைக்கும் பார்ப்பேன் பாய். அப்புறம் அவரையே வெச்சுக்குவேன். அவருக்குத் தெரிஞ்ச கடையிலயே கம்பியும் எடுத்துக்கலாம்னு சொல்றாரு."

கடைசி வாக்கியத்தை அவர் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அய்யூப் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மாலை கடைக்கு வந்த மகளிடம் எதையும் சொல்லாமலிருக்க அய்யூப் முயன்றார். ஆணிகளை எடை போட்டார், போட்டதையே மறுபடியும் போட்டார்.

"குமரேசன் வந்தாரா அத்தா?"

"வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"டீ நல்லா இருக்குதுன்னாரு." இன்னும் ஒரு பிடி ஆணியைத் தராசில் போட்டார்: "இருபது வருஷ வாடிக்கைம்மா. அஞ்சு மாடி. நம்ம கடையிலேர்ந்து போனா ரெண்டு வருஷத்துக்கு நான் வேற யாரையும் பார்க்க வேணாம். ஒரேயொரு ஓட்டைக்காகவா?"

"போட்டதுக்காக இல்ல அத்தா. போடாததுக்காக."

"கட்டடம் விழுந்துடும்னு சத்தியமா சொல்வியா?"

"சொல்ல மாட்டேன். நிக்கும்னு சொல்ல முடியாது. அங்க இன்னா இருக்குன்னே தெரியாம எதைச் சொல்றது?"

அய்யூப் தராசைப் பார்த்தார். "டாக்டரா இருந்திருந்தா ஸ்கேன் எடுக்கலன்னா வேற ஆஸ்பத்திரி போன்னு சொல்லியிருப்பே" என்றார். அது திட்டா, அனுமதியா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது.

அடுத்த சில நாட்கள் அவள் குமரேசனுக்குப் படம் வரைந்து விளக்கினாள். தூண், தளர்ந்த மண், அம்புக்குறிகள். குமரேசன் படத்தை மிகவும் ரசித்தார். "கையெழுத்து அழகா இருக்கு மேடம், அதையே கீழேயும் போட்டுடுங்க" என்றார். சென்னையில் இரண்டு வருடம் படித்ததும், அதற்கு மேல் படித்த ஆராய்ச்சிக் கட்டுரைகளும், பன்னிரண்டு வருடங்களுக்கு முன் போட்ட ஒரு மஞ்சள் முடிச்சை அசைக்கப் போதவில்லை.

பௌர்ணமி வந்தது. செங்கம் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டம் ஒரே திசையில் மெதுவாக ஊர்ந்தது. தலைக்கு முக்காடிட்ட உம்மே ஹானியும் அந்தக் கூட்டத்தோடு நடந்தாள். கூட்டத்துக்குக் கவலையில்லை. மோர் கொடுத்தவர் அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். வேணுவின் ஆபீஸ் வழியிலேயே இருந்தது. பௌர்ணமியன்றுதான் அவருக்கு வியாபாரம். வெளியூர்க்காரர்கள் வலம் வருகிற வழியில் வீட்டுப் பிளானையும் காட்டிவிட்டுப் போவார்கள். டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். முன்னால் இருந்தவருக்குச் சமையலறையை இடிக்கச் சொல்லிவிட்டு வேணு நிமிர்ந்தார்.

"மேடம், நீங்களா! டோக்கன் எதுக்கு?"

"சந்தேகம் கேக்க வந்தேன் சார். எனக்கு வாஸ்து தெரியாது. கன்னி மூலை மத்த மூலையை விடத் தாழ்ந்து போனா என்ன ஆவும்?"

வேணு கையை உதறினார். "தாழவே கூடாதும்மா. வீட்லயே அதுதான் உசரமா இருக்கணும். தாழ்ந்துதுன்னா தலைவருக்கு ஆயுசு பயம், தொழில் முடக்கம், கோர்ட்டு, கேசு. பரிகாரமே கிடையாது."

"எவ்ளோ தாழ்ந்தா?"

"ஒரு விரல்கடை தாழ்ந்தாலும் தோஷம்தான்."

"லாட்ஜைக் கட்டி, தொட்டியை ஏத்தி, தண்ணிய ரொப்பினா அந்த மூலை எவ்ளோ தாழும்னு எனக்குத் தெரியல. உள்ள இருக்கறது தெருக்காரங்க போட்ட குப்பை. விரல்கடையோட நிக்காது. சாணளவு போனாலும் போவும். பக்கத்து வீட்டுச் சுவரே சாயுது, பார்த்தீங்க இல்ல?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப குமரேசன் சார் யாரைக் கேப்பாரு? நான் கையெழுத்தே போடல. கன்னி மூலை உங்களுது."

வேணு திசைகாட்டியை எடுத்துத் துணியால் துடைத்தார். வெளியே 'அண்ணாமலையாருக்கு அரோகரா' போய்க்கொண்டே இருந்தது.

"நீங்க போடற ஓட்டை எவ்ளோ அகலம்?"

"என் கை நுழையலாம். உங்க கை நுழையாது."

"அப்ப அது பள்ளம் கிடையாது" என்றார் வேணு. அவர் முகத்தில் தெளிவு வந்தது. "ஊசி. ஊசி போடறதை ஆபரேஷன்னு யாராவது சொல்வாங்களா? போட்டதும் மூடிடுவீங்க இல்ல? மூடற ஊசிக்கு தோஷமே கிடையாது. நாளை மறுநாள் காலையில நல்ல நேரம் இருக்கு. நானே குமரேசன்கிட்ட சொல்றேன்."

அவள் எழுந்தாள். மண் இறங்கும் அளவைக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று அவளுக்கு மனப்பாடம். இத்தனை வருடத்தில் அதை இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆள் வேணு ஒருவர்தான். அதுவும் சூத்திரத்தைச் சொல்லாமலே.

அந்தக் காலையில் மூன்று கால் கம்பத்துக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சை. கருப்பன் குண்டுக்கும் ஒரு பொட்டு வைத்தான். குமரேசன், பல் பிடுங்க வந்தவரைப் போலத் தள்ளி நின்றார். அய்யூப்பும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்ததாகச் சொன்னார். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது.

கல்லையும் செங்கலையும் மெல்லக் குடைந்து துளை கொஞ்ச ஆழம் போனது. குழாயை உள்ளே விட்டார்கள். குண்டை அதன் மேல் வைத்தார்கள். கருப்பன் எண்ணுவதற்கு வாயைத் திறந்தான். குண்டைத் தூக்குவதற்கு முன்பே குழாய், தன் பாரத்திலேயே, தயிரில் கரண்டி இறங்குவதைப் போல இறங்கியது. கருப்பன் வாய் திறந்தபடியே நின்றான்.

"எண்ணுடா" என்றார் குமரேசன்.

"எதை மொதலாளி எண்ணறது? அடிக்கவே இல்லயே."

இன்னும் ஆழத்திலும் அதே கதைதான். குழாயைத் திறந்தபோது ஒவ்வொரு முறையும் ஈரமான கறுப்புச் சேறு வந்தது, பாலித்தீன் வந்தது, ஓட்டுத் துண்டு வந்தது. கிணற்றின் அடிக்குப் பக்கத்தில் எடுத்த மண்ணில் சேற்றோடு ஒட்டியபடி ஒரு துணி. உம்மே ஹானி அதைத் தண்ணீரில் அலசினாள். நிறம் மஞ்சள்தான். முடிச்சு அவிழாமல் இருந்தது.

குமரேசன் முடிச்சைப் பார்த்தார், வேணுவைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா?" என்றார் வேணு. அவர் தொழிலில் சுதாரிப்பதுதான் முதல் பாடம். "தோஷம் போகவே இல்ல, உள்ளயே உக்காந்திருக்கு. அடியோட எடுத்துடணும். நான் அப்பவே நெனச்சேன்."

"அடியோட எடுத்துட்டு?" என்றாள் உம்மே ஹானி.

"கனமா எதையாவது போட்டு ரொப்பணும். எவ்ளோ கனமோ அவ்ளோ யோகம்."

"கான்கிரீட்?"

வேணு கண்ணை மூடி யோசித்தார். "கன்னி மூலையில முப்பது அடிக்குக் கான்கிரீட்டா… இந்த ஊர்ல யாருக்கும்மா அப்படி ஒரு மூலை இருக்கு?"

குமரேசன் அய்யூப் பக்கம் திரும்பினார். "சிமெண்ட் விக்கறதுக்குன்னே பொண்ணை மண்ணு படிக்க வெச்சீங்களா பாய்?"

கிணற்றை வாரினார்கள். டயர், உடைந்த கக்கூஸ் பீங்கான், ஒரு பழைய டிவி, பேனர்கள் எல்லாம் வந்தன. தெருக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தங்கள் வீட்டுச் சாமான்களை அடையாளம் கண்டும் காணாதவர்களைப் போல நின்றார்கள். ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்த பிறகு, சேறு வாரிய தொட்டியிலேயே உட்கார்ந்து உம்மே ஹானி கீழே இறங்கினாள். கயிறு முழுக்க இறங்கும் வரை அய்யூப் மேலிருந்து, "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று கயிறு விடுகிறவனைப் படுத்தி எடுத்தார்.

அடியில் வானம் ஒரு தட்டளவு தெரிந்தது. கிணற்றுக் கல்சுவரின் இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. அவள் சுத்தியலால் அடிப்பாறையைத் தட்டினாள். கணீர் என்றது. இரண்டடி நகர்ந்து தட்டினாள். கணீர். கிழக்குப் பக்கம் மட்டும் சத்தம் மந்தமாக வந்தது. அங்கே பாறை உளுத்திருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் கூப்பிடச் சொன்னாள். வெட்டினார்கள். மறுபடியும் இறங்கினாள். இப்போது அங்கேயும் கணீர் என்றது.

"பாறைதானே மேடம்?" என்று மேலிருந்து குமரேசன் கத்தினார்.

"பாறைதான் சார்!"

"நான் மொத நாளே சொன்னேன் இல்ல!"

கான்கிரீட் போட்டு முடித்த வாரத்தில் ஊருக்குள் கதை தயாராகிவிட்டது. வேணு மனைக்குள் நுழைந்ததுமே கிணற்றின் வாடையைக் கண்டுபிடித்தார், முதலாளி தைரியமாகத் தோண்டினார், அய்யூப் பாய் லோடு லோடாகச் சிமெண்ட் இறக்கினார். ஒரு பொம்பளை இன்ஜினியர் பெயர் அதில் எங்கேயும் வரவில்லை. பூக்காரி எல்லம்மாள் சொன்ன வடிவத்தில் மட்டும், குழியில் இறங்கி ஒரு அம்மா பூஜை செய்ததாக வந்தது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தாள். அய்யூப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவாக வராது. படங்களை மட்டும் பார்த்தார். ஐந்தாவது துளையின் படம் வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"எல்லாரும் வேணு, வேணுங்கறாங்க. உனக்கு வருத்தமா இல்லயாம்மா?"

"எங்க தொழில்ல பேரு பேப்பர்ல வரணும்னா கட்டடம் விழணும் அத்தா. வராம இருக்கறதே நல்லது."

"அது சரி." கடைசிப் பக்கத்துக்கு வந்தவர் விரலை வைத்தார். "இங்க காலியா இருக்கே."

"நீங்க பார்த்த அப்புறம் போடலாம்னு."

"நான் பார்த்து இன்னா தெரியப் போவுது?" என்றார் அவர். ஆனாலும் சிமெண்ட் மூட்டை மேல் கிடந்த தூசியை உள்ளங்கையால் துடைத்து, காகிதத்தை அதன் மேல் விரித்து, ஓரம் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உம்மே ஹானி குனிந்து கையெழுத்துப் போட்டாள். வாசலில் வந்து நின்ற ஒருவர் அரை இஞ்ச் எல்போ இருக்கிறதா என்று கேட்டார். "இருங்க, வர்றேன்" என்றார் அய்யூப், பிடித்த கையை எடுக்காமல்.